மகள் பேரில் ஒரு கடை

அத்தியாயம் 9

செல்வராணிக்கு அன்று காலை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். மூன்றாவது தரம் அள்ளிய கையைச் சமையலுக்கு உதவியாக இருக்கும் செல்லம்தான் எட்டிப் பிடித்தாள்.

"அக்கா, இது பேக்டரிக்குப் போற சாப்பாடு. அவங்க கடல் தண்ணியா கேட்டாங்க?"

சிரிக்க வேண்டிய இடம்தான். செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக அவளை விடாமல் துரத்திய பயம் அப்படி.

ஏன் இந்தப் பயம் என்று, இந்த வாரம்தான் முதல் முறையாகப் பத்திரிகையைப் பிரிக்கிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன்.

பாசிர் கூடாங்கில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், டயர் கடைக்கும் கிளினிக்குக்கும் நடுவில் 'லோஷினி கேட்டரிங்' என்று ஒரு பலகை தொங்கும். செல்வராணியும் அவள் கணவர் திருச்செல்வமும் பத்து வருடமாக நடத்தும் சாப்பாட்டுக் கடை. ஒரே மகள் லோஷினி. அவள் பேரையே கடைக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களில் யார் கடைக்குத்தான் பிள்ளை பேர் இல்லை? பாசக்காரக் குடும்பம் என்று ஊர் சொன்னது. லோஷினியும் அதை அப்பா அம்மாவின் பாசம் என்றுதான் நினைத்தாள்.

பலகையில் மட்டுமல்ல, பதிவிலும் அவள்தான் முதலாளி. அது அவளுக்குத் தெரியாது. லாரிக் கடனைக் கட்ட முடியாமல் திருச்செல்வத்தின் பெயர் 'பிளாக்லிஸ்ட்' ஆன வருடம், அவர் மகள் படித்த யூனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கே போனார். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா, அப்பாவுக்கு அவசரம்" என்றார். அப்பா கேட்டு எந்தப் பிள்ளை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்? போட்டுவிட்டாள்.

கடை ஓடியது. வருமான வரி மட்டும் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு பேருமே கணக்குக் காட்டவில்லை. லோஷினி இத்தனை வருடம் சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள், வரியும் அங்கேதான் கட்டினாள். அதனால் இந்தப் பக்கம் தன் பேரில் ஒரு வரிக் கணக்கு திறந்து, அபராதம் சேர்ந்து, குட்டி போட்டுக்கொண்டிருப்பது அவள் கண்ணில் படவே இல்லை. கடைக்கு வந்த நோட்டீசையெல்லாம் திருச்செல்வம் அடுப்பில் போட்டார். செல்வராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது லோஷினிக்கு அரசாங்க வேலை வந்திருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும் ஆபத்தான ரசாயனச் சரக்குகளைக் கண்காணிக்கும் பிரிவு. ரகசியக் கோப்புகள் கைக்கு வரும் வேலை என்பதால் முதலில் 'தாப்பிசான்' என்கிற பாதுகாப்பு ஆய்வில் தேற வேண்டும். அந்த விண்ணப்பப் பாரத்தைப் போன வாரம் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பினாள். சொந்தத் தொழில், இல்லை. வரி பாக்கி, இல்லை. கடன், இல்லை. பெற்றவள் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

இன்று நேர்காணல். ஜொகூர் பாருவில்.

செல்வராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். திருச்செல்வம் கேஸ் தோங்கை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னிக்காச்சும் சொல்லிடலாங்க. அவ உள்ள போறதுக்கு முன்னாடி."

"மெதுவா பேசு, ராணி. செல்லம் காதுல விழுந்துடப் போவுது."

"விழட்டும். பொய்யே சொல்லத் தெரியாத புள்ள, தெரியாமயே பொய் எழுதிக் குடுத்துட்டு நிக்கிறா."

"தெரியாம எழுதுனா அது பொய்யே இல்ல. நீ இப்ப போய் சொன்னாதான் அது பொய் ஆவும். வாய மூடிக்கிட்டு இருந்தா அவ தப்பிச்சா."

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! ஆனால் அதைச் சொன்ன மனுஷன் ஒரே தோங்கை இங்கும் அங்குமாக உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனக்கிறியா?" என்றார். "அவ மூஞ்சிய பாத்து எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு மாசம் பொறுத்துக்க. எங்கயாச்சும் பொரட்டிக் கட்டிடுறேன்."

பதில் சொல்வதற்குள் முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தங்கச்சி! இன்னொரு தோசை கெடைக்குமா?"

வசந்தன். துறைமுகத்தில் சரக்கு எடுத்துவிடும் ஏஜெண்டு. ஏழெட்டு கன்டெய்னர் லாரி வைத்திருக்கிறார். தினமும் காலைச் சாப்பாடு இங்கேதான். கடன் சொல்ல மாட்டார், மீதிச் சில்லறையைத் திருப்பி வாங்க மாட்டார். செல்வராணிக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

தோசையை வைத்தபோது அவர் கேட்டார். "பாப்பாவுக்கு இன்னிக்குத்தானே இன்டர்வியூ? எந்தப் பிரிவுன்னு சொன்னீங்க? கெமிக்கல்தானே?"

"ஆமாண்ணே. கும்பிட்டுக்குங்க."

"கெடச்சிரும், கெடச்சிரும். நம்ம பாப்பாவுக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்?" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

லோஷினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நீல நிற பாஜு கூரோங் உடை, நெற்றியில் சின்னதாக விபூதி. அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திருச்செல்வம் மகளின் தலையில் கையை வைத்தவர், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, நீங்களும் வாங்களேன். வெளிய ஒக்காந்திருந்தா போதும். எனக்குத் தெம்பா இருக்கும்."

திருச்செல்வம் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம் என்கிற பார்வை. செல்வராணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் டாங்கர் லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு போயின. லோஷினியின் சின்னக் கார் நடுவில் ஊர்ந்தது. பயத்தில் இருக்கிறவர்கள் சிலர் ஊமையாகிவிடுவார்கள், சிலர் நிறுத்தாமல் பேசுவார்கள். லோஷினி இரண்டாம் ரகம். என்னென்ன கேட்பார்கள், யார் யாரை விசாரிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என் கூட வேல செய்யப் போற ஒருத்தி சொன்னா, துருவித் துருவிக் கேப்பாங்களாம். கேக்கட்டும்லா. மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

செல்வராணிக்கு இதற்கு மேல் முடியாது என்று ஆகிவிட்டது.

"லோஷி, வண்டிய ஓரமா நிறுத்து."

"என்னம்மா, வாந்தி வருதா?"

"நிறுத்தும்மா."

பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் கார் நின்றது. செல்வராணி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மகளைப் பார்க்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடை யார் பேரில் இருக்கிறது என்பது, வரி, அபராதம், அடுப்பில் போன நோட்டீஸ். ஒன்றையும் விடவில்லை.

லோஷினி எஞ்சினை அணைத்தாள்.

"ஹாஸ்டலுக்கு அப்பா மட்டன் பிரியாணி கொண்டு வந்தாரே. அன்னிக்கா?"

"ஆமாம்மா."

"சாப்ட்டுகிட்டே போட்டேன். கையில எண்ணெய்னு பேப்பர்ல தொடச்சிட்டுப் போட்டேன்." ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "எவ்ளோ பாக்கி?"

"அபராதத்தோட நாப்பதாயிரம் வெள்ளிக்கு மேல."

"அலமாக்!"

அவள் அழுவாள் என்று செல்வராணி எதிர்பார்த்தாள். அழவில்லை.

"திரும்பிடலாமா, கண்ணு? ஒடம்பு சரியில்லன்னு போன் பண்ணிடு."

"எங்கம்மா திரும்புறது? இன்னிக்குத் தப்பிச்சா நாளைக்கு அவங்களே கண்டுபிடிப்பாங்க. அப்ப நான் வேணும்னே மறைச்சேன்னு ஆயிடும்." அவள் குரல் உயர்ந்தது. "அவங்களுக்கு நாப்பதாயிரம் பெரிசில்லம்மா. பணம் முட்டுனவள யாரு வேணும்னாலும் வாங்கிடலாம், அதான் அவங்க பயம். நாளைக்கு ஒருத்தன் வருவான். 'உன் பாக்கிய நான் கட்டுறேன், என் கன்டெய்னர மட்டும் தொறந்து பாக்காத'ம்பான். நான் தலைய ஆட்டுனா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாமயே ஒரு கன்டெய்னர் ஊருக்குள்ள போயிடும். நம்ம கடப் பக்கமே போகும். அதுக்குத்தான் இத்தன கேள்வி. நான் என்னடான்னா இல்ல, இல்ல, இல்லன்னு எழுதி வச்சிருக்கேன்."

"தப்புதாம்மா. எங்க தப்புதான்."

"நான் எழுதறப்ப பக்கத்துலதானேம்மா நின்னீங்க? தெரிஞ்சுகிட்டேதானே ரசம் ஊத்துனீங்க?"

கன்னத்தில் அறைந்திருந்தால் கூடச் செல்வராணிக்கு இவ்வளவு வலித்திருக்காது. லோஷினி கண்ணாடியில் முகத்தைச் சரி பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அந்த அரசாங்கக் கட்டடத்தின் நடைபாதையில் ஒரு பெஞ்சு. ஏர்கான் குளிரில் செல்வராணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன மகள் வரவில்லை. யாரோ நடந்து வரும் காலடிச் சத்தம் கேட்டால் போதும், போலீஸ்தான் என்று நினைத்தாள். எந்தச் சாமியிடம் முறையிட வேண்டும் என்று கூட அவளுக்கு ஓடவில்லை. மாரியம்மாவையும் முருகனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். வேலை போகட்டும், பிள்ளையை ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று வேண்டினாள். அடுத்த நிமிடமே, அந்த வேலையும் போய்விடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி புவான் ரோஸ்மினா, அதாவது ரோஸ்மினா அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது, கண்ணாடி போட்ட சாந்தமான முகம். திட்டுகிற முகமாக இருந்திருந்தால் செல்வராணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். லோஷினி மேசைக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இரண்டு பக்கம் எழுதி முடித்த வாக்குமூலம் இருந்தது.

"உங்கள் மகள், நான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் சொல்லிவிட்டார்" என்றார் அதிகாரி மலாயில். "பாரத்தில் எழுதியபோது அவருக்குத் தெரியாது என்கிறார். உண்மையா?"

"உண்மை, புவான். நாங்கதான் மறைச்சோம். அவ மேல குத்தம் இல்ல." செல்வராணியின் மலாய் சந்தை மலாய். இலக்கணம் கிடையாது. ஆனால் சொல்ல வேண்டியது வந்துவிட்டது.

புவான் ரோஸ்மினா பேனாவை மூடித் திறந்து லோஷினியைப் பார்த்தார். "கடன் இருக்கிறவர்களை எல்லாம் தள்ளிவிட்டால் அரசாங்கத்தில் பாதி நாற்காலி காலியாகிவிடும். மறைக்கிறவர்களைத்தான் நாங்கள் தள்ளுகிறோம். வரி அலுவலகத்துக்குப் போய் மாதத் தவணை பேசுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து நீங்களே கட்டுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். அந்தத் தவணைக் கடிதத்தோடு வாருங்கள். முடிவு என் கையில் மட்டும் இல்லை. ஆனால் இன்று நீங்களாகச் சொன்னதை நான் எழுதுவேன்."

செல்வராணிக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"கடைசியாக ஒரு கேள்வி. இரண்டு பேருமே யோசித்துச் சொல்லுங்கள். இந்தப் பாக்கியைத் தீர்த்துத் தருகிறேன் என்று வெளியார் யாராவது உங்களையோ குடும்பத்தையோ அணுகினார்களா?"

"தாக் அடா, புவான்" என்றாள் லோஷினி. இல்லை என்று.

செல்வராணியும் பலமாகத் தலையாட்டினாள். "யாரும் இல்ல, புவான். சத்தியமா இல்ல."

லோஷினி அதையும் கடைசி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தரம் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள்.

வெளியே வெயில் தணிந்திருந்தது. கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் ஒரு மலாய்க்கார மக்சிக், நம் பாஷையில் அத்தை, கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தார். லோஷினி நாலு வாங்கி, முதல் ஒன்றை நின்ற இடத்திலேயே வாயைச் சுட்டுக்கொண்டு தின்றாள். காலையிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே செல்வராணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னும் கோவமா, கண்ணு?"

"பயங்கரக் கோவம். அஞ்சு வருஷத்துக்கு இருக்கும்." ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. "அப்பாவுக்கு நீங்களே போன் போடுங்க. நான் பேசுனா இப்ப திட்டிடுவேன்."

ஒரே மணியில் திருச்செல்வம் எடுத்துவிட்டார். "ராணி! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். கட்டியாச்சு ராணி, கட்டியாச்சு!"

"என்னத்த?"

"சுக்காய்! வரி பாக்கி முழுசா கட்டியாச்சு. நீங்க போனப்புறம் வசந்தன் அண்ணன் என் மூஞ்சிய பாத்துட்டு என்னன்னு கேட்டாரு. என்னால அடக்க முடியல. அவர் முன்னாடியே அழுதுட்டேன். பாப்பா ஐசி நம்பர குடுங்கன்னாரு, ஒக்காந்த எடத்துலயே போன்ல கட்டிட்டாரு. வட்டி கெடயாது, எழுத்து கெடயாது."

செல்வராணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மாவா குடுத்தாரு? எதுக்குன்னு கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நம்ம பாப்பாதானேன்னாரு. அவ போன் நம்பரும் கேட்டாரு, குடுத்தேன். வாழ்த்துச் சொல்லணுமாம்."

"அய்யோ, என்னங்க பண்ணிட்டீங்க!"

காரின் மறுபக்கத்தில் லோஷினியின் போன் அடித்தது. "புது நம்பர். உள்ளேருந்துதான் கூப்பிடுறாங்க போல" என்றாள் அவள்.

"எடுக்காத! லோஷி, எடுக்காத!"

எடுத்துவிட்டிருந்தாள். எதிர்முனைக் குரல் செல்வராணி வரைக்கும் கணீரென்று கேட்டது.

"வணக்கம்மா பாப்பா! வசந்தன் மாமா பேசறேன். சுக்காய் தொல்ல முடிஞ்சிருச்சு, அப்பா சொன்னாரா? நிம்மதியா வேலைல சேரு. அடுத்த மாசம் நம்ம சாமான் கொஞ்சம் உங்க பக்கம் எறங்குது. அப்ப பேசிக்கலாம், என்ன?"

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. லோஷினிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வராணி சுற்றிக்கொண்டு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, எங்களுக்கு அந்தப் பணம் வேணாம். திருப்பி எடுத்துக்குங்க."

வசந்தன் சிரித்தார். காலையில் தோசை கேட்ட அதே சிரிப்பு.

"என்ன தங்கச்சி, வெவரம் தெரியாம பேசறீங்க? சர்க்காருக்குப் போன காச யாரு திருப்பித் தருவா? கட்டுனது கட்டுனதுதான். பாப்பாவ நல்லா பாத்துக்குங்க." போனை வைத்துவிட்டார்.

கறிபாப் பொட்டலம் கீழே விழுந்து கிடந்தது. லோஷினி அதைப் பார்த்தபடி நின்றாள்.

"இப்பதாம்மா எழுதிக் குடுத்தேன். யாரும் வரலன்னு. மை கூடக் காஞ்சிருக்காது."

"உள்ள போயி சொல்லிடலாம், வா."

"ஒரே நாள்ல ரெண்டாவது தரம் போய், இதுவும் தப்புங்கன்னு சொல்லி நிக்கட்டுமா? அந்தம்மா நம்புவாங்களா? வேல போயிடும்மா." அம்மாவின் கையைப் பிடித்தாள். "சொல்லலன்னா, அடுத்த மாசம் அந்தாளு கூப்பிடுவான். எடுத்துத்தானே ஆகணும்? எனக்குப் பயமா இருக்கும்மா."

செல்வராணிக்கும் பயம்தான். மகள் போட்ட கையெழுத்துக்கு என்ன தண்டனை, கடையில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும் புருஷன் கதி என்ன, நாளைக்குக் காலையில் வசந்தன் தோசைக்கு வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது.

கட்டடத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. புவான் ரோஸ்மினா தோளில் கைப்பையோடு வெளியே வந்து, சாவியைத் தேடிக்கொண்டே தன் காரை நோக்கி நடந்தார். லோஷினி ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை.

கார்க் கதவு திறந்தது, மூடியது. எஞ்சின் சத்தம் கேட்டது.

"புவான்!" செல்வராணி அந்தக் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "புவான், துங்கு! துங்கு செகெஜாப்!"

கொஞ்சம் பொறுங்கள் என்று கத்திக்கொண்டே, கார்களுக்கு நடுவில் புகுந்து ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. புறப்பட்ட கார் நின்றது, ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"இப்பொழுது என்ன?" என்றார் புவான் ரோஸ்மினா. அந்த முகத்தில் முன்பு இருந்த சாந்தம் இல்லை.